இரண்டு அப்ஸ்ட்ரீம், ஒரு ரவுட்டர்: பிஜிபியைப் பாதுகாப்பாக அமைக்க முழுமையான வழிகாட்டி

எந்த முகவரிக்கு எந்த வழி என்று வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி. அதில் இணைப்பு ஒன்றை எழுப்ப நான்கு வரி போதும். எதிர்முனையின் முகவரி, அதன் ஏஎஸ் எண் (வலையமைப்பின் அடையாள எண்), நம் ப்ரீஃபிக்ஸ் (நம் ஐபி முகவரித் தொகுதி), ஓர் ‘ஆக்டிவேட்’. சில நொடிகளில் ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்று திரையில் வந்துவிடும். பல இடங்களில் அத்தோடு வேலை முடிந்ததாக எண்ணி எழுந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எதைச் சொல்லலாம், எதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் எதுவும் விதிக்காவிட்டால், பிஜிபி கேட்டதை எல்லாம் நம்பும், தெரிந்ததை எல்லாம் ஊருக்குச் சொல்லும். அப்படித்தான் அது 1989இல் வடிவமைக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த சில வலையமைப்புகள் மட்டுமே இருந்த காலம் அது.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததைப் பாருங்கள். யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் முடக்குவதற்காக பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற ப்ரீஃபிக்ஸைத் தன் ரவுட்டர்களில் எழுதியது. அது வெளியேயும் கசிந்தது. அதன் அப்ஸ்ட்ரீம், அதாவது அதற்கு இணைய இணைப்பு தரும் நிறுவனமான பிசிசிடபிள்யூ வடிகட்டாமல் உலகத்துக்கு அனுப்பியது. யூடியூப் அப்போது அறிவித்திருந்தது /22. பாகிஸ்தானிலிருந்து வந்தது /24. இந்த எண் பெரிதானால் ப்ரீஃபிக்ஸ் நீளம், தொகுதி சிறியது. ரவுட்டர் எப்போதும் நீளமான ப்ரீஃபிக்ஸைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதியில் யூடியூப் கிடைக்கவில்லை. இதில் பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. அனுப்பியவரிடம் வெளியேற்ற வடிகட்டி இல்லை, பெற்றவரிடம் உள்வாங்கும் வடிகட்டி இல்லை. இரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் இது நாட்டு எல்லையைத் தாண்டியிருக்காது.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். வடிகட்டிகளை முதலில் எழுதுவோம். பக்கத்து ரவுட்டரின் முகவரி அதற்குப் பிறகுதான் கன்ஃபிகரேஷனுக்குள் வரும்.

எடுத்துக்கொள்ளும் வலையமைப்பு

மென்பொருளாக எஃப்ஆர்ஆர் எடுத்துக்கொள்கிறேன். 2017இல் குவாகாவிலிருந்து பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்ந்த இலவசத் திறந்தமூல ரவுட்டிங் தொகுப்பு இது. எந்த டெபியன் கணினியிலும் ஓடும். கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ்ஸுக்கு மிக நெருக்கமானவை என்பதால் சிசிஎன்ஏ படித்தவர்களுக்குப் பழகிய வீடுதான். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். ரவுட்டரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நம் ஏஎஸ் எண் 64496. நம் ப்ரீஃபிக்ஸ் 203.0.113.0/24. முதல் அப்ஸ்ட்ரீம் ஏஎஸ் 64500, அதன் முகவரி 192.0.2.1, நம் பக்கம் 192.0.2.2. இரண்டாவது ஏஎஸ் 64501, முகவரி 192.0.2.5, நம் பக்கம் 192.0.2.6. இந்த எண்கள் எல்லாம் ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அப்படியே நகலெடுத்து உண்மையான வலையமைப்பில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஆய்வுக்கூடத்தில் செய்து பாருங்கள். மூன்று மெய்நிகர் கணினிகள் போதும். ஒன்று நீங்கள், மற்ற இரண்டும் அப்ஸ்ட்ரீம் வேடம். ஒரே மடிக்கணினியில் ஓடிவிடும், எஃப்ஆர்ஆருக்கு நினைவகம் அதிகம் தேவைப்படாது.

ரவுட்டரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஏஎஸ் எண்ணும் ஐபி முகவரிகளும் இந்தியாவில் ஐரின் என்ற பதிவகம் வழியாகவும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக் வழியாகவும் கிடைக்கும். கையில் வந்தவுடன் முதல் வேலை, அந்தப் பதிவகக் கணக்கில் ஆர்ஓஏ உருவாக்குவது. ‘இந்த ப்ரீஃபிக்ஸை அறிவிக்கும் உரிமை இந்த ஏஎஸ் எண்ணுக்கு உண்டு’ என்று கையொப்பமிட்டுச் சொல்லும் சான்று அது. மூன்றே விவரம் கேட்கும்: ப்ரீஃபிக்ஸ், ஏஎஸ் எண், அதிகபட்ச நீளம்.

அந்த மூன்றாவது கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கையில் /22 இருக்கிறது, என்றாவது /24ஆக உடைத்து அறிவிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணி அதிகபட்ச நீளத்தை 24 என்று போட்டுவிடுவார்கள். நீங்கள் /22ஐ மட்டும் அறிவித்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் ஏஎஸ் எண்ணைப் பாதையின் கடைசியில் போலியாக ஒட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் /24 ஒன்றை அறிவித்தால், அறிவிப்பை ஆர்ஓஏவோடு ஒத்துப்பார்க்கும் ஆர்பிகேஐ சோதனையில் அது ‘செல்லும்’ என்றே தேறிவிடும். 2008 நிகழ்வை யாராவது வேண்டுமென்றே திரும்பச் செய்ய நினைத்தால் இதைவிட வசதி வேறில்லை. எந்த நீளத்தில் உண்மையாக அறிவிக்கிறீர்களோ, அந்த நீளத்துக்கு மட்டும் ஆர்ஓஏ போடுங்கள். உடைத்து அறிவிக்க வேண்டி வந்தால் அன்றைக்கு அதற்கெனத் தனி ஆர்ஓஏ போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு அப்ஸ்ட்ரீமிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். முழு ரூட் அட்டவணை தருவீர்களா, டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பொது வழி) மட்டுமா? கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டி அனுப்பும் குறிப்பு எண்) பட்டியல் உண்டா? பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை விரைவில் கண்டறிவது), டிடிஎல் பாதுகாப்பு (தொலைவிலிருந்து வரும் பாக்கெட்டைத் தடுப்பது) இரண்டையும் உங்கள் பக்கம் இயக்குவீர்களா?

முழு அட்டவணை தேவையா என்பதில் என் கருத்து வெளிப்படையானது: சிறிய வலையமைப்புக்குத் தேவையில்லை. ஐபிவி4 அட்டவணை 9 லட்சம் ரூட்டுகளைத் தாண்டிவிட்டது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5,12,000 என்ற வரம்பைத் தொட்டபோதே, அந்த அளவுக்கு மேல் வன்பொருள் நினைவகம் இல்லாத பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. டிஃபால்ட் ரூட்டோடு, அப்ஸ்ட்ரீமின் நேரடி வாடிக்கையாளர் ரூட்டுகளை மட்டும் கேட்டு வாங்கினால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறிவிடும்.

லினக்ஸைத் தயார் செய்தல்

எஃப்ஆர்ஆரை நிறுவுங்கள், ஆர்பிகேஐ துணைத்தொகுப்பையும் சேர்த்து. ‘டீமன்ஸ்’ என்ற கோப்பில் பிஜிபிடி, பிஎஃப்டிடி இரண்டுக்கும் எதிரே ‘யெஸ்’ என்று மாற்றுங்கள். அதே கோப்பில் பிஜிபிடியின் விருப்பங்கள் வரியில் ‘-எம் ஆர்பிகேஐ’ என்பதையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆர்பிகேஐ கட்டளைகளையே மென்பொருள் ஏற்காது. பிறகு சேவையை மறுபடி தொடங்குங்கள்.

கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்குங்கள். இன்னொரு அமைப்பைப் பலர் மறந்துவிடுவார்கள்: ‘ஆர்பி ஃபில்டர்’. அதன் மதிப்பு 1 என்றால், ஒரு பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸில் வந்ததோ அதே இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் பதிலும் போக வேண்டும் என்று கெர்னல் எதிர்பார்க்கும், இல்லையென்றால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். இரண்டு அப்ஸ்ட்ரீம் உள்ள இடத்தில் ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போவது அன்றாடம் நடப்பது. ‘பிஜிபி சரியாக இருக்கிறது, பிங் மட்டும் பாதிப் பேருக்கு வரவில்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம். மதிப்பை 2 ஆக்குங்கள். ‘ஆல்’ என்ற பொது அமைப்பு, தனி இன்டர்ஃபேஸ் அமைப்பு இரண்டில் எது பெரிய எண்ணோ அதையே கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘ஆல்’ 1 ஆக இருக்கும்போது தனி இன்டர்ஃபேஸில் 0 போட்டுப் பயனில்லை.

அடுத்து, நம் ப்ரீஃபிக்ஸுக்கு ஒரு நிலையான ரூட்:

ஐபி ரூட் 203.0.113.0/24 பிளாக்ஹோல்

பிஜிபி ஒரு ப்ரீஃபிக்ஸை அறிவிக்க வேண்டுமென்றால் அது ரூட் அட்டவணையில் அதே நீளத்தில் இருக்க வேண்டும். உள்ளே நீங்கள் /26, /27 என்று பிரித்துப் பயன்படுத்துவீர்கள், /24 அங்கே தானாக இருக்காது. இந்த வரி அந்த இடத்தை நிரப்புகிறது. உள்ளே ஒரு கேபிள் அறுந்தாலும் வெளியுலகுக்கான அறிவிப்பு ஆடாது. இன்னொரு நன்மையும் உண்டு. பயன்பாட்டில் இல்லாத முகவரிக்கு வரும் பாக்கெட், டிஃபால்ட் ரூட்டைப் பிடித்துக்கொண்டு அப்ஸ்ட்ரீமுக்கே திரும்பிப் போய், அவர் மறுபடி நம்மிடம் அனுப்ப, டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் பாக்கெட்டின் ஆயுள் எண்) தீரும்வரை சுற்றிக்கொண்டிருக்காது. இங்கேயே மடிந்துவிடும்.

வெளியே போகும் வடிகட்டி

இதை முதலில் எழுதுகிறோம். உள்ளே வருவதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம். வெளியே போவதில் தவறு நேர்ந்தால் முன்பின் அறியாதவர்களுக்கும் நஷ்டம்.

ஐபி ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் மை-நெட்ஸ் சீக் 10 பெர்மிட் 203.0.113.0/24
பிஜிபி ஏஎஸ்-பாத் ஆக்சஸ்-லிஸ்ட் லோக்கல் பெர்மிட் ^$
ரூட்-மேப் அப்1-அவுட் பெர்மிட் 10
 மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் மை-நெட்ஸ்
 மேட்ச் ஏஎஸ்-பாத் லோக்கல்

ப்ரீஃபிக்ஸ் வரியில் ‘எல்ஈ’ (இந்த நீளம் வரை), ‘ஜிஈ’ (இந்த நீளத்திலிருந்து) எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சரியாக /24 மட்டுமே பொருந்தும். இரண்டாவது வரியில் உள்ள ^$ குறி, ஏஎஸ் பாதை காலியாக இருக்கும் ரூட்டுகளை, அதாவது நம் வீட்டிலேயே பிறந்தவற்றை மட்டும் குறிக்கும். ரூட்-மேப் என்பது எதை விடுவது, எதை அடைப்பது என்ற விதிகளின் வரிசை. ஒரே ரூட்-மேப் பதிவுக்குள் இரண்டு ‘மேட்ச்’ இருந்தால் இரண்டும் பொருந்தியாக வேண்டும். முடிவில் எழுதப்படாத ஒரு ‘டினை’ எப்போதும் உண்டு என்பதால் மற்றதெல்லாம் தானாக அடைபடும்.

ப்ரீஃபிக்ஸ் பட்டியல் மட்டும் போதாதா, எதற்கு இரண்டு பூட்டு? முதல் அப்ஸ்ட்ரீமிடம் கற்ற ரூட்டை இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் சொல்வதுதான் ‘ரூட் லீக்’. 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இதுதான் நடந்தது. டிகியூஈ என்ற சிறிய நிறுவனம், பிஜிபி ஆப்டிமைசர் என்ற கருவி உடைத்துப் போட்ட ரூட்டுகளைத் தன் வாடிக்கையாளரான அலெகேனி டெக்னாலஜீஸுக்குச் சொன்னது. அலெகேனி அதைத் தன் மற்றோர் அப்ஸ்ட்ரீமான வெரைசனுக்குச் சொன்னது. வெரைசன் உலகத்துக்குச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் உட்படப் பல பெரிய சேவைகளின் ட்ராஃபிக் ஓர் உலோகத் தயாரிப்பு நிறுவனத்தின் இணைப்புக்குள் பாய்ந்தது. அலெகேனி நின்ற இடத்தில்தான் இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நிற்கிறோம். நாளை ஒருவர் அவசரத்தில் ப்ரீஃபிக்ஸ் பட்டியலைத் தளர்த்தினாலும், ஏஎஸ் பாதைப் பூட்டு தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது அப்ஸ்ட்ரீமுக்கு ‘அப்2-அவுட்’ என்று தனியாக ஒன்று எழுதிவிடுங்கள். உள்ளடக்கம் இப்போது ஒன்றுதான், பின்னால் வேறுபடும்.

உள்ளே வரும் வடிகட்டி

வரக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்று வேண்டும். ‘போகான்’ என்று பெயர் வைப்போம்.

0.0.0.0/8, 10.0.0.0/8, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 172.16.0.0/12, 192.0.2.0/24, 192.168.0.0/16, 198.18.0.0/15, 198.51.100.0/24, 203.0.113.0/24, 224.0.0.0/4, 240.0.0.0/4

இவை ஒவ்வொன்றுக்கும் ‘பெர்மிட் … எல்ஈ 32’ என்று ஒரு வரி. கடைசியாக ‘பெர்மிட் 0.0.0.0/0 ஜிஈ 25’. இது /24ஐவிட நீளமான எல்லா ப்ரீஃபிக்ஸையும் பிடிக்கும்.

வரக்கூடாதவற்றுக்கு ஏன் ‘பெர்மிட்’ என்ற குழப்பம் பலருக்கு வரும். ப்ரீஃபிக்ஸ் பட்டியலில் ‘பெர்மிட்’ என்றால் ‘பொருந்துகிறது’ என்று மட்டும் பொருள். பொருந்தியதை என்ன செய்வது என்பதை ரூட்-மேப் முடிவு செய்யும்:

ரூட்-மேப் அப்1-இன் டினை 10
 மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் போகான்
ரூட்-மேப் அப்1-இன் டினை 20
 மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் மை-நெட்ஸ்-ஆல்
ரூட்-மேப் அப்1-இன் டினை 30
 மேட்ச் ஆர்பிகேஐ இன்வேலிட்
ரூட்-மேப் அப்1-இன் பெர்மிட் 100
 செட் லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் 200

‘மை-நெட்ஸ்-ஆல்’ என்பது நம் ப்ரீஃபிக்ஸும் அதன் எல்லாத் துண்டுகளும், அதாவது ‘203.0.113.0/24 எல்ஈ 32’. நம் முகவரி வெளியிலிருந்து நமக்கே வர எந்தக் காரணமும் இல்லை. நம் ஏஎஸ் எண் பாதையில் இருந்தால் பிஜிபி தானாகவே நிராகரிக்கும் என்பது உண்மை. ஆனால் வேறொருவர் தன் ஏஎஸ் எண்ணில் நம் முகவரியைத் திருடி அறிவித்தால் அந்தச் சோதனை பிடிக்காது. இந்த வரி பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில் நம் ப்ரீஃபிக்ஸ் போகான் பட்டியலிலும் இருப்பதால், 10ஆம் பதிவிலேயே அது அடைபடும். உண்மையான முகவரிகள் வந்தபின் இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும்.

பட்டியல் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். இல்லாத பட்டியலை ரூட்-மேப் சுட்டினால் ஒரு மென்பொருள் ‘எதுவும் பொருந்தவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று ‘எல்லாம் பொருந்துகிறது’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பிழைச்செய்தி வராமலே போகலாம்.

மேலே உள்ள போகான் பட்டியல் டிஃபால்ட் ரூட்டைப் பிடிக்காது. டிஃபால்ட் வாங்குவதாக இருந்தால் அதுதான் வேண்டும். முழு அட்டவணை வாங்குகிறவர்கள் ‘பெர்மிட் 0.0.0.0/0’ என்று ஒரு வரி சேர்த்து அதையும் அடைத்துவிட வேண்டும்.

ஆர்பிகேஐ சோதனைக்கு ஒரு வேலிடேட்டர் தேவை. என்எல்நெட் லேப்ஸின் ரூட்டினேட்டர் இதற்கு நல்ல தேர்வு. அதே கணினியிலோ பக்கத்துக் கணினியிலோ ஓட்டிவிட்டு எஃப்ஆர்ஆரில்:

ஆர்பிகேஐ
 ஆர்பிகேஐ கேஷ் டிசிபி 127.0.0.1 3323 ப்ரிஃபரன்ஸ் 1

பழைய பதிப்புகளில் ‘டிசிபி’ என்ற சொல் இருக்காது. ‘ஷோ ஆர்பிகேஐ கேஷ்-கனெக்ஷன்’ தட்டி இணைப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். சோதனையின் முடிவு மூன்று வகை: செல்லும், செல்லாது, சான்று இல்லை. நாம் அடைப்பது ‘செல்லாது’ என்பதை மட்டும். ‘சான்று இல்லை’ என்பதையும் சேர்த்து அடைத்தால் இணையத்தின் பெரிய பகுதி உங்களுக்குத் தெரியாமல் போய்விடும், ஆர்ஓஏ போடாதவர்கள் இன்னும் ஏராளம். வேலிடேட்டர் நெடுநேரம் நின்றுபோனால் எல்லா ரூட்டும் ‘சான்று இல்லை’ ஆகிவிடும். சேவை நிற்காது, பாதுகாப்பு மட்டும் ஓசையில்லாமல் போய்விடும். ஆகவே வேலிடேட்டரையும் கண்காணிப்புப் பட்டியலில் சேருங்கள். டிஃபால்ட் ரூட்டும் வாங்குகிறவர் ஒன்றை உணர வேண்டும்: செல்லாத ரூட்டை நீங்கள் அடைத்தாலும், பாக்கெட் டிஃபால்ட் வழியாகப் போய்விடும். அங்கே உங்கள் அப்ஸ்ட்ரீமும் சோதனை செய்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு.

இப்போதுதான் பக்கத்து ரவுட்டர்

ரவுட்டர் பிஜிபி 64496
 பிஜிபி ரவுட்டர்-ஐடி 203.0.113.1
 நோ பிஜிபி டிஃபால்ட் ஐபிவி4-யூனிகாஸ்ட்
 நெய்பர் 192.0.2.1 ரிமோட்-ஏஎஸ் 64500
 நெய்பர் 192.0.2.1 ஷட்டவுன்
 நெய்பர் 192.0.2.1 பாஸ்வேர்டு (அப்ஸ்ட்ரீமோடு ஒப்புக்கொண்ட சொல்)
 நெய்பர் 192.0.2.1 டிடிஎல்-செக்யூரிட்டி ஹாப்ஸ் 1
 நெய்பர் 192.0.2.1 லோக்கல்-ரோல் கஸ்டமர்
 அட்ரஸ்-ஃபேமிலி ஐபிவி4 யூனிகாஸ்ட்
  நெட்வொர்க் 203.0.113.0/24
  நெய்பர் 192.0.2.1 ஆக்டிவேட்
  நெய்பர் 192.0.2.1 ரூட்-மேப் அப்1-இன் இன்
  நெய்பர் 192.0.2.1 ரூட்-மேப் அப்1-அவுட் அவுட்
  நெய்பர் 192.0.2.1 மேக்சிமம்-ப்ரீஃபிக்ஸ் 20000

ரிமோட்-ஏஎஸ் எழுதிய அடுத்த வரியே ஷட்டவுன். எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே திறக்கப் போகிறோம்.

ரவுட்டர்-ஐடியைக் கையால் எழுதுவது அவசியம். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால், பின்னால் ஓர் இன்டர்ஃபேஸ் சேர்க்கும்போது எண் மாறி இணைப்புகள் அறுந்து எழும். டிடிஎல் பாதுகாப்பு, 255 என்ற டிடிஎல் உடன் வரும் பாக்கெட்டை மட்டுமே ஏற்கும். தொலைவிலிருந்து 179ஆம் போர்ட்டைத் தாக்குபவரின் பாக்கெட் வழியில் குறைந்துதான் வந்து சேரும். ஆனால் இரு பக்கமும் இயக்கியிருக்க வேண்டும். அப்ஸ்ட்ரீம் இயக்காமல் நீங்கள் மட்டும் இயக்கினால் அவருடைய பாக்கெட் டிடிஎல் 1 உடன் வரும், இணைப்பு எழவே எழாது.

லோக்கல்-ரோல் 2022இல் தரமாக்கப்பட்ட புதிய வசதி. ‘இந்த உறவில் நான் வாடிக்கையாளர்’ என்று இணைப்பு தொடங்கும்போதே சொல்லிவிடுகிறோம். அப்ஸ்ட்ரீமிடம் கற்ற ரூட்டில் ஒரு முத்திரை விழும். அந்த முத்திரை உள்ள ரூட்டை இன்னோர் அப்ஸ்ட்ரீமுக்கு நெறிமுறையே அனுப்ப விடாது. ரூட் லீக்குக்கு எதிரான மூன்றாவது பூட்டு இது. எதிர்முனை இதை அறியாவிட்டாலும் இணைப்பு எழும், ஆகவே தயங்காமல் எழுதலாம்.

மேக்சிமம்-ப்ரீஃபிக்ஸ் எண்ணை எப்படி முடிவு செய்வது? வழக்கமாக வரும் எண்ணிக்கையைப் பார்த்து, வளர்ச்சிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். வரம்பு தாண்டினால் இணைப்பு அறுந்து, நீங்கள் ‘கிளியர்’ செய்யும்வரை எழாது. நள்ளிரவில் அப்படி நடக்க வேண்டாமென்றால் இறுதியில் ‘ரீஸ்டார்ட் 30’ சேர்த்தால் முப்பது நிமிடத்தில் தானே மறுபடி முயலும்.

இரண்டாவது அப்ஸ்ட்ரீமுக்கும் இதேபோல எழுதுங்கள், ஷட்டவுனோடு.

திறந்து பார்த்தல்

இந்த நேரத்தில் உங்கள் கை ரவுட்டரை எப்படி எட்டுகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். மாற்றப்போகும் அதே இணைப்பின் வழியாக உள்ளே வந்திருந்தால் நிறுத்துங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்தது. பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு கட்டளை முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது, டிஎன்எஸ் தளங்கள் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றன. சரிசெய்ய வேண்டியவர்களின் கருவிகளும் மாற்று வழியும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. கன்சோல் கேபிளோ, 4ஜி மோடமோ, தனி வழி ஒன்று இருக்கட்டும். ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’, சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ என்று தப்பிக்கும் வழி உண்டு. எஃப்ஆர்ஆரில் கட்டளை தட்டியவுடனே அமலாகும். பத்து நிமிடத்தில் பழைய கோப்பை மீட்டுச் சேவையை மறுபடி தொடங்கும் ஒரு திட்டமிட்ட பணியை லினக்ஸில் முன்கூட்டியே வைத்துவிட்டு, எல்லாம் சரியென்றால் அதை நீக்கிவிடுங்கள்.

‘நோ நெய்பர் 192.0.2.1 ஷட்டவுன்’. முதல் அப்ஸ்ட்ரீம் மட்டும். பிறகு ‘ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் சம்மரி’.

‘ஸ்டேட்/பிஎஃப்எக்ஸ்ஆர்சிடி’ என்ற நெடுவரிசையில் ஓர் எண் வந்தால் இணைப்பு எழுந்துவிட்டது, அது பெற்ற ப்ரீஃபிக்ஸ்களின் எண்ணிக்கை. ‘ஆக்டிவ்’ என்று நின்றால் மகிழ வேண்டாம். பேர் எப்படி இருந்தாலும், இன்னும் இணைய முயன்றுகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். முகவரி, பாஸ்வேர்டு, டிடிஎல், ஃபயர்வாலில் 179 என்ற வரிசையில் சோதியுங்கள். ‘பாலிசி’ என்று அடைப்புக்குறிக்குள் வந்தால் ரூட்-மேப் ஒட்டப்படவில்லை. எஃப்ஆர்ஆர், 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 சொல்வதுபோல, வடிகட்டி இல்லாத வெளி இணைப்பில் ரூட்டுகளை ஏற்காது, அனுப்பவும் அனுப்பாது. எரிச்சலில் ‘நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி’ என்று அதை அணைத்துவிடும்படி இணையத்தில் பலர் அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இந்தக் காவல் இயல்பாக இருக்காது, அங்கே வேலை செய்பவர்கள் வரிசையை இன்னும் கவனமாகப் பின்பற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இது:

ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் நெய்பர்ஸ் 192.0.2.1 அட்வர்டைஸ்டு-ரூட்ஸ்

ஒரே ஒரு வரி இருக்க வேண்டும். நம் /24. இரண்டாவது வரி ஒன்று தெரிந்தாலும் உடனே ஷட்டவுன். ஆய்வுக்கூடத்தில் அப்ஸ்ட்ரீம் வேடத்தில் இருக்கும் கணினியிலிருந்து 10.1.0.0/16ஐ வேண்டுமென்றே அறிவித்து, அது நம் அட்டவணைக்குள் வராமல் நிற்பதையும் கண்ணால் பாருங்கள். உண்மையான வலையமைப்பில், ரைப்ஸ்டாட், ரூட் வியூஸ் போன்ற பொதுச் சேவைகளில் உங்கள் ப்ரீஃபிக்ஸைத் தேடிப் பாருங்கள். உலகம் உங்களை எந்தப் பாதையில் பார்க்கிறது என்பது அங்கே தெரியும்.

பிறகு இரண்டாவது அப்ஸ்ட்ரீமைத் திறந்து இதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். ரூட் லீக் இரண்டாவது இணைப்பு எழுந்த பிறகுதான் சாத்தியமாகிறது. ஆகவே அப்போது இரண்டு பக்க அட்வர்டைஸ்டு-ரூட்ஸும் பார்க்கப்பட வேண்டும்.

ட்ராஃபிக்கைத் திருப்புதல்

வெளியே போவது நம் கையில். அப்1-இன்னில் லோக்கல் ப்ரிஃபரன்ஸ் 200, அப்2-இன்னில் இயல்பான 100. பெரிய எண் வெல்லும். ஏஎஸ் பாதையின் நீளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்க்கப்படும்.

உள்ளே வருவது நம் கையில் இல்லை. வேண்டுகோள் விடுக்கலாம், அவ்வளவுதான். வழக்கமான முறை, அப்2-அவுட்டில் ‘செட் ஏஎஸ்-பாத் ப்ரிபெண்ட் 64496 64496’ என்று எழுதிப் பாதையை நீட்டிக் காட்டுவது. இதைச் செய்துவிட்டு, இரண்டாவது இணைப்பில் ட்ராஃபிக் குறையவே இல்லையே என்று ப்ரிபெண்டை ஐந்து, பத்து என்று கூட்டுகிறவர்கள் உண்டு. குறையாததற்குக் காரணம் எளிது. ஒவ்வோர் அப்ஸ்ட்ரீமும் தன் வாடிக்கையாளரின் ரூட்டுக்கு உயர்ந்த லோக்கல் ப்ரிஃபரன்ஸ் தருவார், காசு வரும் வழி அது. லோக்கல் ப்ரிஃபரன்ஸ் முந்திவிடுவதால் பாதை எவ்வளவு நீண்டாலும் அவர் நேரடியாக உங்களிடமே அனுப்புவார். அங்கே உதவுவது கம்யூனிட்டி. ‘என் ரூட்டின் ப்ரிஃபரன்ஸைக் குறைத்துக்கொள்’ என்று சொல்லும் எண் ஒன்றை அவருடைய பட்டியலில் தேடி, ரூட்-மேப்பில் ‘செட் கம்யூனிட்டி’ எழுதுங்கள். முதலில் கேட்டு வாங்கிய பட்டியல் இதற்குத்தான்.

/24ஐ இரண்டு /25ஆக உடைத்துப் பங்கிடலாமா என்று கேட்காதீர்கள். /24க்கு மேல் நீளமானதை நாம் அடைத்ததுபோலவே உலகமும் அடைத்து வைத்திருக்கிறது.

இணைப்பு அறுந்ததை அறிய பிஜிபியின் இயல்பான ஹோல்ட் நேரம் 180 நொடி. நடுவில் ஸ்விட்ச் இருந்தால் மூன்று நிமிடம் பாக்கெட்டுகள் இருட்டுக்குள் போகும். ‘நெய்பர் 192.0.2.1 பிஎஃப்டி’ என்ற ஒரு வரி அதை ஒரு நொடிக்குள் கொண்டுவரும்: 300 மில்லிநொடி இடைவெளி, மூன்று தவறினால் அறுந்ததாகக் கொள்ளும். வயர்லெஸ் பின்னிணைப்பு உள்ள இடங்களில் இவ்வளவு இறுக்கம் வேண்டாம், இடைவெளியைக் கூட்டுங்கள்.

பராமரிப்பு நாள்

ஒரு அப்ஸ்ட்ரீமைத் திட்டமிட்டு நிறுத்தும்போது நேராக ஷட்டவுன் போட்டால், உலகம் மாற்றுப்பாதையைக் கண்டுபிடிக்கும்வரை பாக்கெட்டுகள் இழக்கப்படும். அந்த இணைப்பின் வெளி ரூட்-மேப்பில் 65535:0 என்ற கம்யூனிட்டியைச் சேருங்கள். ‘இந்த வழி மூடப்படப் போகிறது, கடைசித் தேர்வாக வைத்துக்கொள்’ என்று பொருள். உள்ளே வரும் ரூட்-மேப்பில் லோக்கல் ப்ரிஃபரன்ஸை 0 ஆக்குங்கள். இரண்டு திசையிலும் ட்ராஃபிக் வடிந்ததை இன்டர்ஃபேஸ் வரைபடத்தில் பார்த்த பிறகே ஷட்டவுன். அந்தக் கட்டளையின் முடிவில் ‘மெசேஜ்’ என்று எழுதி ஒரு குறிப்பும் அனுப்பலாம், எதிர்முனைப் பொறியாளரின் லாகில் அது தெரியும்.

தாக்குதல் நேரத்துக்கான தயாரிப்பு

டிடாஸ் தாக்குதலில் ஒரே ஒரு முகவரிக்கு வரும் வெள்ளம் முழு இணைப்பையும் அடைத்துவிடும். அந்த முகவரியை மட்டும் /32ஆக, 65535:666 என்ற பிளாக்ஹோல் கம்யூனிட்டியோடு அறிவித்தால் அப்ஸ்ட்ரீம் தன் எல்லையிலேயே அதைக் கொட்டிவிடுவார். மற்ற வாடிக்கையாளர்கள் மூச்சு விடுவார்கள். ஆனால் நம் வெளி வடிகட்டி /24ஐ மட்டும் விடும்படி எழுதப்பட்டிருக்கிறதே? அதனால்தான் அமைதியான நாளிலேயே வழி செய்துவைக்க வேண்டும்.

‘203.0.113.0/24 ஜிஈ 32’ என்று தனி ப்ரீஃபிக்ஸ் பட்டியல் ஒன்று. அப்1-அவுட்டில் ‘பெர்மிட் 5’ என்று ஒரு பதிவு: அந்தப் பட்டியலும், ஏஎஸ் பாதை காலி என்பதும் பொருந்தினால், 65535:666ஐச் சேர்த்து அனுப்பு. சாதாரண நாளில் பிஜிபியில் எந்த /32உம் இல்லாததால் இந்தப் பதிவு சும்மா கிடக்கும். தாக்குதல் வந்த அன்று இரண்டே வரி:

ஐபி ரூட் 203.0.113.77/32 பிளாக்ஹோல்
நெட்வொர்க் 203.0.113.77/32

முன்கூட்டியே அப்ஸ்ட்ரீமிடம் பேசி, /32 ஏற்பாரா, தனக்கென வேறு கம்யூனிட்டி எண் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, பயன்பாட்டில் இல்லாத ஒரு முகவரியை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வெளியிலிருந்து ட்ரேஸ்ரூட் அடித்தால் அது அப்ஸ்ட்ரீமின் ரவுட்டரிலேயே நின்றுபோக வேண்டும், உங்கள் இன்டர்ஃபேஸில் அந்த முகவரிக்கு ஒரு பாக்கெட்டும் எட்டக்கூடாது. பிறகு அந்த இரண்டு வரிகளையும் ‘நோ’ போட்டு எடுத்துவிட்டு, அட்வர்டைஸ்டு-ரூட்ஸில் மறுபடி ஒரே ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து, ‘ரைட் மெமரி’ தட்டுங்கள்.